முதல் சைலன்சர் எதற்கு வாங்குவது: .22-க்கா, 9 மிமீ-க்கா?

பிரிஸ்கோ தம்பி | 8 பிப்ரவரி 2026

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் இருந்தவரை சைலன்சர் என்றால் புல்லட் வண்டியில் பின்னால் நீட்டிக்கொண்டு இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதையும் கழற்றிவிட்டு ஓட்டித் தெருவையே எழுப்பிய கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். இப்போது நாற்பது வயதில், துப்பாக்கிக்கு ஒன்று காசு கொடுத்து வாங்க நிற்கிறேன்.

இருப்பது டெக்சஸில் டாலஸ் பக்கம், கிரீன் கார்டு. துப்பாக்கி இரண்டு. ஒன்று, சைலன்சரைத் திருக மரை போட்ட பேரலோடு (குழலோடு) வந்த ரூகர் மார்க் 4 பிஸ்டல், .22 அங்குலக் குண்டு. இன்னொன்று கிளாக் 19, 9 மிமீ பிஸ்டல், அதற்கு மரை போட்ட பேரல் இன்னும் வாங்கவில்லை. அடுத்து ரூகர் 10/22 ரைஃபிள் ஒன்று வாங்கும் எண்ணமும் இருக்கிறது. மனிதரை நோக்கியோ விலங்கை நோக்கியோ சுடும் ஆள் இல்லை. மாதம் இரண்டு தடவை நண்பரின் நிலத்தில் இரும்புத் தட்டுகளைச் சுடுவதோடு சரி.

ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான 200 டாலர் மத்திய அரசு வரி பூஜ்யமாகிவிட்டதால் ஆசை வந்துவிட்டது. கடையில் கேட்டால், "9 மிமீ ஒன்று வாங்குங்கள், .22-ஐயும் அதிலேயே சுடலாம், ஒரே செலவு" என்கிறார்கள். இது சரியா? கையில் 800 டாலர் வரை இருக்கிறது.

பீளமேடு லேத் | 8 பிப்ரவரி 2026

தம்பி, கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 9 மிமீ டப்பாவின் (சைலன்சரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஓட்டை பெரியது; .22 குண்டு தாராளமாகப் போகும், சத்தமும் ஓரளவு குறையும். மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை: .22 போல அழுக்கான தோட்டா வேறு கிடையாது. குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம். மேலே மெழுகு அல்லது மெல்லிய செம்புப் பூச்சு, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் ஈயமும் கரியும் டப்பாவுக்குள் ஒட்டும். 9 மிமீ டப்பாக்கள் சிலவற்றைத் திறக்கவே முடியாது, உள்ளே வாயுவைத் தடுத்து மெதுவாக்கும் பாஃபிள்களை (நடுவில் ஓட்டை உள்ள தடுப்புகள்) வெல்டிங் செய்து மூடியிருப்பார்கள். அதில் .22 சுட்டால், ஈயத்தை உள்ளே சேமித்துக்கொண்டே போவீர்கள்.

நான் அந்தத் தப்பைச் செய்தவன். மூடிய டப்பா ஒன்றில் இரண்டு வருடம் .22 சுட்டேன். ஒரு நாள் கையில் எடுத்தபோது, "இது இவ்வளவு கனமா இருந்தது?" என்று தோன்றியது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே மணல் சரிகிற மாதிரி ஒரு ஓசை. தயாரித்த கம்பெனிக்கு அனுப்பிச் சுத்தம் செய்து வாங்க இரண்டு மாதம் ஆனது.

என் ஓட்டு: முதலில் .22-க்கென்றே ஒரு டப்பா, கழற்றிச் சுத்தம் செய்யக்கூடியது. 9 மிமீ அப்புறம்.

ஹூஸ்டன் நெல்லை | 8 பிப்ரவரி 2026

நான் மறுக்கிறேன். எல்லோரும் ".22 முதலில்" என்று மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். தம்பி அதிகம் சுடுவது எதில் என்று யாராவது கேட்டீர்களா? கிளாக் 19-இல் மாதம் 300 ரவுண்டு, மார்க் 4-இல் 50 ரவுண்டு என்றால் .22 டப்பா வாங்கி என்ன பயன்? ரக்கட் ஆப்சிடியன் 9 மாதிரி திறந்து சுத்தம் செய்யக்கூடிய 9 மிமீ டப்பாக்களும் இருக்கின்றன. நீளத்தையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். என்னிடம் அதுதான் இருக்கிறது. மார்க் 4-இலும் போடுகிறேன், ஒவ்வொரு முறையும் திறந்து துடைக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

பிரிஸ்கோ தம்பி | 8 பிப்ரவரி 2026

நெல்லை அண்ணா, நேர்மையாகச் சொன்னால் நான் சுடுவதில் முக்கால்வாசி .22. விலைதான் காரணம். 9 மிமீ ஒரு ரவுண்டு விலைக்கு .22 மூன்று சுடலாம்.

ஹூஸ்டன் நெல்லை | 8 பிப்ரவரி 2026

அப்படியானால் என் வாதம் படுத்துவிட்டது. லேத் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

செவிக்காரி | 9 பிப்ரவரி 2026

நார்த் கரோலினாவில் காது பரிசோதிக்கும் வேலை என்னுடையது. எல்லோரும் டப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள், காதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நுழைகிறேன்.

திடீர் சத்தத்துக்கு, அதாவது வெடிப்பது மாதிரி நொடியில் வந்து போவதற்கு, 140 டெசிபெல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் பாதுகாப்பில்லாமல் ஒரே ஒரு தடவை கேட்டாலும் காது பழுதாகலாம். 9 மிமீ பிஸ்டல் சுமார் 160. .22 ரைஃபிள் 140-ஐ ஒட்டி நிற்கும். .22 பிஸ்டலின் பேரல் குட்டை என்பதால் அது ரைஃபிளைவிடச் சத்தம். நல்ல டப்பா 25 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். .22 ரைஃபிளில் போட்டால் 115 பக்கம் வரும். 9 மிமீ பிஸ்டலில் போட்டால் 125, 130 என்று நிற்கும்.

டெசிபெல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. பத்து குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் 130 என்பது மெல்லிய சத்தம் இல்லை. சினிமாவில் வரும் அந்த "புஸ்" என்ற ஒலி எந்தத் துப்பாக்கியிலும் வராது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், "டப்பா போட்டுத்தான் சுட்டேன் டாக்டர், காதில் வண்டு ரீங்காரம் நிற்கவே இல்லை" என்பார்கள். விசாரித்தால், நான்கு சுவருக்குள் இருக்கும் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) பக்கத்து வரிசைக்காரர் டப்பா இல்லாமல் சுட்டிருப்பார். உங்கள் டப்பா அவர் துப்பாக்கியை அமைதியாக்காது. பட்ஜெட்டில் 50 டாலரை நல்ல காதுமூடிக்கு ஒதுக்குங்கள் தம்பி.

ஆஸ்டின் புதுசு | 9 பிப்ரவரி 2026

டெக்சஸிலேயே தயாரித்து டெக்சஸிலேயே விற்றால் மத்திய அரசு பேப்பர் வேண்டாம் என்று 2021-இல் சட்டம் போட்டார்களே? இன்னொன்று, இணையத்தில் 40 டாலருக்குச் "சுத்தம் செய்யும் குழாய்" என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே கிண்ணம் கிண்ணமாக இருக்கிறது. நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டால்...

நிர்வாகி | 9 பிப்ரவரி 2026

ஆஸ்டின் புதுசு, உங்கள் பதிவின் கடைசி இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் அந்தப் பேச்சு வேண்டாம். பதிவு செய்யாத சைலன்சரை வைத்திருந்தாலே பத்து ஆண்டு வரை சிறை. தனி பாஃபிள்கூடச் சட்டப்படி சைலன்சர் பாகம்தான். பழுதானால் தயாரிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும், கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. வரி போனதே தவிர, பதிவு போகவில்லை. டெக்சஸின் 2021 சட்டம் மத்திய சட்டத்தை அசைக்கவில்லை. அதை வைத்துப் போட்ட வழக்கும் நிற்கவில்லை. அதை நம்பி யாரும் எதையும் செய்ய வேண்டாம்.

எடிசன் மாமா | 9 பிப்ரவரி 2026

நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு இந்த இழையைப் படிப்பது, விரதத்தன்று பிரியாணிக் கடை வாசலில் நிற்பது மாதிரி. எங்களுக்குக் கிடையாது. கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய்ஸ், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், டெலவேர், ஹவாய் ஆட்களுக்கும் கிடையாது. மற்ற 42 மாநிலங்களில் இருப்பவர்கள் ஆண்டு அனுபவியுங்கள்.

ஒரு பழங்கதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இதைக் கண்டுபிடித்து 1909-இல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் பெர்சி மாக்சிம். அப்பா ஹைரம் மாக்சிம், மெஷின் கன் செய்தவர். அப்பா உலகத்தின் காதைக் கிழித்தார், மகன் பஞ்சு வைத்தார். மகன் கார் இன்ஜின் சத்தத்தையும் அதே மாதிரி அடக்கப் பார்த்தவர், அதனால் தம்பியின் புல்லட் சைலன்சரும் இதற்குச் சொந்தக்காரன்தான். அவரே சைலன்சர் என்றுதான் பெயர் வைத்து விற்றார், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. "அது சைலன்சர் இல்லை, சப்ரெஸ்ஸர்" என்று திருத்த வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1934-இல் 200 டாலர் வரி போட்டார்கள். அன்றைக்கு அது டப்பாவின் விலையைப் போலப் பல மடங்கு. அந்தத் தொகையைத் தொண்ணூறு வருடம் ஏற்றவே இல்லை, இந்த ஜனவரியில்தான் பூஜ்யம் ஆனது.

பீளமேடு லேத் | 10 பிப்ரவரி 2026

மாமாவுக்கு ஒரு கும்பிடு. மரை விஷயத்துக்கு வருகிறேன், முப்பது வருடம் லேத்தில் நின்றவன் இதைச் சொல்லாமல் போகக்கூடாது.

.22-க்கு இங்கே வழக்கமான மரை அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 புரி. மார்க் 4, 10/22 இரண்டிலும் அதுதான். டப்பாவை நேராகத் திருகிவிடலாம், வேறு எந்தச் சாமானும் வேண்டாம். .22 முதலில் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளாக் கதை வேறு. சுட்டவுடன் பேரலும் ஸ்லைடும் (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) சேர்ந்து கொஞ்சம் பின்னால் போகும். அப்புறம் பேரலின் பின்பக்கம் கீழே சாயும், அப்போதுதான் பூட்டு விட்டு ஸ்லைடு தனியாகப் பின்னால் போகும். பேரல் முனையில் முந்நூறு கிராம் இரும்பைத் தொங்கவிட்டால் இந்த ஆட்டம் கெட்டுவிடும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் ஸ்லைடை இழுத்துக்கொண்டு நிற்பீர்கள். அதனால் பிஸ்டல் டப்பாவுக்குள் ஒரு பிஸ்டனும் சுருள் ஸ்பிரிங்கும் வைப்பார்கள், நீல்சன் டிவைஸ் அல்லது பூஸ்டர் என்று பெயர். சுடும் கணத்தில் டப்பா முன்னால் நகரும், ஸ்பிரிங் அமுங்கும். பேரல் டப்பாவின் எடையைச் சுமக்காமல் தன் வேலையை முடித்துவிடும். அப்புறம் ஸ்பிரிங் டப்பாவை இழுத்துக்கொள்ளும். டப்பாவைக் கையால் முன்னால் இழுத்து விட்டுப் பாருங்கள், "டக்" என்று திரும்பி வரும். அதுதான் அது.

பிஸ்டன் தனிப் பாகம், அதன் மரை பேரலோடு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவில் செய்யும் 9 மிமீ பேரல்களில் பெரும்பாலும் அரை அங்குலம் 28. ஐரோப்பியப் பேரல்கள் பலவற்றில் 13.5 மிமீ, 1 மிமீ புரி, அதுவும் இடது மரை. கிளாக் கம்பெனியின் சொந்தப் பேரல்களில் பல அப்படித்தான். வலது மரை பிஸ்டனை வைத்துக்கொண்டு இடது மரைப் பேரலில் மல்லுக்கட்டிய ஒருவர் என் வீட்டுக்கே வந்தார். முதல் இரண்டு புரி நாசமாகியிருந்தது. பேரல் வாங்கும்போதே "எந்த மரை?" என்று கேட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன் நெல்லை | 10 பிப்ரவரி 2026

லேத் அண்ணன் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன், இது நான் காசு கொடுத்துப் படித்த பாடம். பேரல் அசையாத துப்பாக்கியில், உதாரணமாக மார்க் 4 அல்லது சாதாரண 9 மிமீ கார்பைனில் (குட்டை ரைஃபிள்), அந்த ஸ்பிரிங்கை வைத்துச் சுடக்கூடாது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஒரு வளையம் போட வேண்டும். டப்பா அசையாமல் அது பிடித்துக்கொள்ளும். கார்பைனில் நான் மறந்துவிட்டேன். ஒவ்வொரு சூட்டுக்கும் டப்பா சுத்தியல் மாதிரி முன்னும் பின்னும் அடித்திருக்கிறது. இரண்டு மேகசின் முடிந்து கழற்றினால் பிஸ்டனின் விளிம்பு நசுங்கியிருந்தது. குண்டு பாஃபிளில் இடிக்காமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம். இருபது டாலர் வளையம், பையிலேயேதான் கிடந்தது.

சாத்தூர் சேவு | 10 பிப்ரவரி 2026

பீனிக்ஸ்காரன் வருகை. தோட்டாவைப் பற்றி யாரும் பேசவில்லையே? டப்பா அடக்குவது வாயுவின் சத்தத்தை மட்டும்தான். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், சாட்டை சொடுக்குகிற மாதிரி, அதை எந்த டப்பாவாலும் தடுக்க முடியாது. ஒலியின் வேகம் சாதாரண வெப்பத்தில் நொடிக்கு சுமார் 1,125 அடி. .22 தோட்டாவில் சிசிஐ கம்பெனியின் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி 1,070 அடி, எல்லைக்கு உள்ளே. அதே கம்பெனியின் மினி மேக் 1,235, ரைஃபிளில் சொடுக்கும். ஆனால் அந்த எண்கள் நீளமான பேரலுக்கு. மார்க் 4-இன் குட்டைப் பேரலில் மினி மேக் கூடப் பெரும்பாலும் எல்லைக்குள் வந்துவிடும். ரைஃபிளுக்கு ஒரு பெட்டி, பிஸ்டலுக்கு ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள், காதே சொல்லும். குளிர்காலத்தில் ஒலியின் வேகம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோடையில் அமைதியாக இருந்த தோட்டா ஜனவரிக் காலையில் சொடுக்கும்.

சிசிஐ குவைட் 710 அடிதான், பூனை நடக்கிற மாதிரி. ஆனால் தானாகத் தோட்டா மாறும் துப்பாக்கிகள் பலவற்றை அது இயக்காது. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ரைஃபிளுக்குத்தான் அது.

9 மிமீ-இல் 115 கிரெய்ன் குண்டு (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) சொடுக்கும், 147 கிரெய்ன் சொடுக்காது. .45-இல் 230 கிரெய்ன் இயல்பிலேயே மெதுவானது.

பிரிஸ்கோ தம்பி | 11 பிப்ரவரி 2026

தலை சுற்றுகிறது, ஆனால் நல்லவிதமாக. முடிவு: .22 முதலில். எது வாங்குவது என்று யாராவது பெயர் சொல்லுங்கள்.

பீளமேடு லேத் | 11 பிப்ரவரி 2026

மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். திறக்க முடியுமா? பாஃபிள் எந்த உலோகம்? எடை எவ்வளவு? அலுமினியப் பாஃபிள் லேசானது, விலை குறைவு, ஆனால் சுரண்டித் துடைக்கும்போது தேயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலும் 17-4 வகை, எத்தனை முறை சுரண்டினாலும் தாங்கும். டைட்டானியம் எடையைக் குறைக்கும், விலையை ஏற்றும்.

நான் வைத்திருப்பது டெட் ஏர் மாஸ்க். டைட்டானியக் குழாய், உள்ளே 17-4 பாஃபிள்கள், ஐந்து அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், 187 கிராம் பக்கம். எட்டு வருடமாக அடிக்கிறேன். விலை நானூறு சொச்சம். சைலன்சர்கோ ஸ்பாரோ வேறு மாதிரி: உள்ளே ஒரே துண்டாகச் செய்த நடுப்பகுதி, அதைச் சுற்றி இரண்டாகப் பிளந்த ஓடு. எவ்வளவு அழுக்கானாலும் அந்த ஓடுகளை விரித்து எடுத்துவிடலாம், உள்ளே எதுவும் சிக்கிக்கொள்ளாது. கொஞ்சம் பழைய வடிவம், முதல் சூட்டில் சத்தம் சற்றே கூட. சுத்தம் செய்யச் சோம்பல் என்றால் அதை வாங்குங்கள்.

ஆன்லைனில் டெசிபெல் அட்டவணை பார்த்து இரண்டு டெசிபெல் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல .22 டப்பாக்களுக்கு நடுவில் காதால் வித்தியாசம் சொல்லச் சிரமப்படுவீர்கள். எடையையும் திறக்கும் விதத்தையும் கையில் எடுத்தவுடனே உணர்வீர்கள்.

ஆஸ்டின் புதுசு | 11 பிப்ரவரி 2026

நிர்வாகி சார், முந்தாநாளுக்கு மன்னிக்கவும், தெரியாமல் கேட்டேன். இன்னொரு சந்தேகம். நான் எச்-1பி. நானும் வாங்கலாமா?

ஹூஸ்டன் நெல்லை | 11 பிப்ரவரி 2026

தம்பி, இது விளையாட்டு இல்லை. வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு சைலன்சர் வரை போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டையே பாதிக்கும் விஷயம் இது.

பிரிஸ்கோ தம்பிக்கும் ஒன்று. உங்கள் பெயரில் மட்டும் பதிந்தால் நீங்கள் இல்லாமல் உங்கள் மனைவி அதை ரேஞ்சுக்கு எடுத்துப் போக முடியாது. டிரஸ்ட் பெயரில் பதிந்தால் அதில் பொறுப்பாளராக இருக்கும் எல்லோரும் வைத்திருக்கலாம். ஆனால் 2016 முதல் ஒவ்வொரு பொறுப்பாளரும் கைரேகை, புகைப்படம் எல்லாம் கொடுக்க வேண்டும். அவர்கள் எல்லோருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும்.

பிரிஸ்கோ தம்பி | 12 பிப்ரவரி 2026

மனைவிக்கும் கிரீன் கார்டு, டிரஸ்டே போட்டுவிடுகிறேன். கடையில் மாஸ்க் இருந்தது, பணம் கட்டிவிட்டேன். மத்திய அரசு ஒப்புதலுக்கான ஃபார்ம் 4-ஐ அங்கேயே கணினியில் போட்டார்கள், கைரேகையும் அங்கேயே. டப்பாவைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி பெட்டகத்தில் பூட்டிவிட்டார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

எடிசன் மாமா | 12 பிப்ரவரி 2026

ஜனவரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததால் கூட்டம் அதிகமாம், பொறுமையாக இருங்கள். ஒரு வருடம் காத்திருந்த காலமெல்லாம் உண்டு.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவைக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம், இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட வகை. அதைவிட முக்கியம், ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையையே விமானத்துக்கும் எடுக்காதீர்கள். ஓரத்தில் ஒரே ஒரு .22 தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் வழக்குதான். எனக்குத் தெரிந்த ஒருவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய், முகூர்த்த நேரத்தில் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிரிஸ்கோ தம்பி | 18 ஏப்ரல் 2026

ஒப்புதல் வந்து டப்பா கைக்கு வந்துவிட்டது! இன்று முதல் நாள். மார்க் 4-இல் முதல் சூடு மட்டும் கொஞ்சம் "டப்" என்று கேட்டது, இரண்டாவதிலிருந்து குறைந்தது. ஏதாவது கோளாறா? இன்னொன்று: மூன்றாவது மேகசினில் தொட்டுப் பார்த்தால் டப்பா அரைச் சுற்று கழன்றிருந்தது.

பீளமேடு லேத் | 18 ஏப்ரல் 2026

முதல் சூட்டுச் சத்தம் எல்லா டப்பாவிலும் உண்டு. உள்ளே இருக்கும் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, எரியாத மருந்து அதில் பற்றிக்கொள்ளும். முதல் ரவுண்டோடு ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கோளாறு இல்லை.

கழல்வதுதான் கவலை. மரையைத் துடையுங்கள், பேரலின் தோள்பட்டையில் (மரை முடியும் இடத்து விளிம்பில்) டப்பா முழுதாகப் போய் உட்கார்கிறதா பாருங்கள். நடுவில் ஒரு தூசி இருந்தாலும் டப்பா கோணும், கோணினால் குண்டு பாஃபிளைத் தொடும். ஒவ்வொரு மேகசினுக்கும் ஒரு தடவை கையால் இறுக்குங்கள். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, பின்பக்கம் இருந்து. முன்னால் கை நீட்டக்கூடாது.

பிரிஸ்கோ தம்பி | 9 மே 2026

400 ரவுண்டு முடிந்தது. திறந்தேன், திறந்தேன் என்று சொல்வதைவிடப் போராடினேன் என்று சொல்லலாம். மூடி கழன்றது, பாஃபிள்கள் வெளியே வரவில்லை. ஒரு மரக்கட்டையால் பின்னால் இருந்து தட்டித் தட்டி, ஒவ்வொன்றாக வந்தது. முதல் பாஃபிளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு ஓடு, நகத்தால் சுரண்டினால் வரவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தகடு தகடாகப் பெயர்கிறது. வடக்கத்தி இனிப்புக் கடை வெள்ளித்தாள் மாதிரி மின்னுகிறது. கடைசிப் பாஃபிள்கள் கிட்டத்தட்டச் சுத்தம். வாங்கும்போது 187 கிராம், இப்போது 196. ஒன்பது கிராம் ஈயமும் கரியும்!

சாத்தூர் சேவு | 9 மே 2026

புளி போட்டு ஊற வை தம்பி. குத்துவிளக்கே பளபளக்கும், இது என்ன பிரமாதம். வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் இன்னும் வேகம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

செவிக்காரி | 9 மே 2026

ஐயோ, வேண்டாம்! யாரும் அதைச் செய்யாதீர்கள். ஈயம் கட்டியாக இருக்கும்வரை கையைக் கழுவினால் போய்விடும். வினிகரில் கரைத்தால் ஈய அசிடேட் ஆகும். தண்ணீரில் கரைந்து தோல் வழியாகவும் உள்ளே போகக்கூடிய விஷம். அதைத் தொட்டியில் ஊற்றினால் சட்டப்படியும் குற்றம். புளியும் அமிலம்தான், சேவு அண்ணா. விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பீளமேடு லேத் | 9 மே 2026

அக்கா சொன்னதுதான் சரி. கையுறை, முகமூடி, பழைய செய்தித்தாள், கொஞ்சம் எண்ணெய், பித்தளைப் பிரஷ், கார் ஷெட்டில் வைத்து. எண்ணெய் ஈரம் இருந்தால் தூசி பறக்காது. எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டால் பாதி ஓடு தானாகவே கழலும். கடைசியில் பாஃபிள்களில் மெல்லிசாக எண்ணெய் பூசி மாட்டுங்கள், அடுத்த தடவை மரக்கட்டை வேண்டியிருக்காது. மாட்டும் வரிசை மாறக்கூடாது, மாட்டிய பிறகு நேர்க்கோல் ஒன்றைப் பேரலுக்குள் விட்டு, டப்பாவின் நடு ஓட்டையில் சரியாக வெளியே வருகிறதா பாருங்கள். இனி 300 ரவுண்டுக்கு ஒரு தடவை திறக்கவும், 400 அதிகம்.

செவிக்காரி | 9 மே 2026

தம்பி, ஒரு கேள்வி. 187, 196 என்று கிராம் கணக்கில் சொல்கிறீர்களே, எந்தத் தராசு அது?

பிரிஸ்கோ தம்பி | 9 மே 2026

அக்கா... இட்லி மாவுக்கு உளுந்து அளக்கிற தராசு. இன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடுகிறேன். மனைவி இந்த இழையைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.